கட்டி கரைக்கும் ஊசி: டி.பி.ஏ. விஷயத்தில் நடக்கும் தவறுகள்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தவருக்கு 'ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி' போடுவதைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த ஊசியில் இருப்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு என்சைமின் நகல். ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் டி.பி.ஏ. என்ற புரோட்டியேஸ் அது, அதாவது புரதத்தை வெட்டும் என்சைம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் தேசிரே கோலன் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். 1983இல் ஜெனென்டெக் நிறுவனத்தின் டயான் பெனிக்காவும் சக விஞ்ஞானிகளும் அதன் மரபணுவை நகலெடுத்தார்கள். இப்போது அந்த மனித மரபணுவை ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் சினைப்பை செல்களில் நுழைத்து, தொட்டிகளில் வளர்த்து மருந்தாக எடுக்கிறார்கள். மருந்தின் பெயர் ஆல்டிபிளேஸ். அமெரிக்காவில் மாரடைப்புக்கு 1987இலும் பக்கவாதத்துக்கு 1996இலும் அனுமதி கிடைத்தது.

இதை 'ரத்தத்தை இளக்கும் மருந்து' என்று நினைப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. ஆஸ்பிரின், ஹெப்பாரின், வார்ஃபரின் போன்றவை புதிய கட்டி உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே இறுகிய கட்டியை அவை கரைக்காது. டி.பி.ஏ.வின் வேலை வேறு. ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தில் ஒரே ஒரு இணைப்பை அது வெட்டும். வெட்டுப்பட்டது பிளாஸ்மினாக மாறி, கட்டியைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைப்ரின் வலையை நறுக்கும். ஃபைப்ரின் மேல் உட்கார்ந்தால் டி.பி.ஏ.வின் வேகம் பல நூறு மடங்கு கூடும். அதனால் சாதாரண நாளில் கட்டி இருக்கும் இடத்தோடு இதன் வேலை முடிந்துவிடும். போதாததற்கு பி.ஏ.ஐ-1 என்ற தடுப்புப் புரதம் வேறு இதை அடக்கி வைத்திருக்கிறது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் அந்தத் தடுப்பு அதிகமாக இருப்பதால் கட்டி கரைவது தாமதமாகிறது. பெரிய விபத்தில் அடிபட்டவர்களில் சிலருக்கு நேர்மாறாக, டி.பி.ஏ. வெள்ளமாகக் கொட்டி ரத்தம் நிற்காமல் போகும். அங்கே டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்துப் பிளாஸ்மினின் வேலையை மட்டுப்படுத்துகிறார்கள்.

ஊசியாகப் போடும் அளவு உடம்பு சுரப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இந்த என்சைமுக்கு நல்ல கட்டி எது, கெட்ட கட்டி எது என்று தெரியாது. மூளைக் குழாயை அடைத்த கட்டியும் ஃபைப்ரின்தான், போன வாரம் ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தத்தை நிறுத்தி வைத்திருக்கும் கட்டியும் ஃபைப்ரின்தான். டாக்டர் அவசரத்திலும் கேள்வி மேல் கேள்வி கேட்பது அதனால்தான். சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, தலையில் அடிபட்டதா, வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்ததா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்றெல்லாம் கேட்பார்கள். "ஊசி போடாமல் விட்டுவிடுவார்களோ" என்று பயந்து இதில் எதையாவது மறைப்பது ஆபத்தான தவறு. மாத்திரை அட்டைகளை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

நேரத்துக்கு வருவோம். இங்குதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். 1995 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில் 624 நோயாளிகள் இருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்கள் மூன்று மாதம் கழித்து பெரிய ஊனமில்லாமல் நடமாடும் வாய்ப்பு, பெறாதவர்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2008இல் வந்த ஐரோப்பிய ஆய்வு இந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. எல்லை இருப்பதற்குக் காரணம் உண்டு. ரத்தம் கிடைக்காத மூளைத் திசு சாகும்போது அங்குள்ள நுண்குழாய்களும் பலவீனமாகும். அந்த நிலையில் அடைப்பைத் திறந்தால் ரத்தம் உள்ளேயே கசிந்துவிடும். நாலரை மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகக் கிளம்புவதும் தவறு. முதல் மணி நேரத்தில் போட்டால் கிடைக்கும் பலன் நாலாவது மணி நேரத்தில் கிடைக்காது.

வீட்டில் நேரம் எப்படிப் போகிறது? வாய் கோணுகிறது, கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. "அசதியாக இருக்கும், கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி ஒன்று வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்கு மட்டும் சாவே இல்லை போல. அப்புறம் சி.டி. ஸ்கேன் இல்லாத பக்கத்து கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏறி முடிய ஒரு மணி நேரம். 108இல் ஏறியதும் 'பக்கவாதம் போலத் தெரிகிறது' என்று சொல்லி, ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும்.

நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் மெல்லச் சொல்வதைக் கேட்டுப் பழகி, பக்கவாதத்துக்கும் அதையே கொடுப்பவர்கள் உண்டு. குழாய் அடைத்ததா, வெடித்ததா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்கேன்தான் சொல்லும். வெடித்திருந்தால் ஆஸ்பிரின் கேடு செய்யும். விழுங்க முடியாதவருக்கு மாத்திரை மூச்சுக்குழாயில் போய்விடும் அபாயமும் உண்டு.

தூக்கத்தில் வந்த பக்கவாதத்தில் இன்னொரு குழப்பம். "ஆறு மணிக்கு எழுந்தபோதுதான் கை வரவில்லை" என்றால் ஆறு மணியை ஆரம்பமாகக் கணக்கிடக் கூடாது. கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரமே கணக்கு. இரவு பத்து மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்து மணி. அதற்காகச் சோர்ந்துபோய் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு அப்போதும் ஊசி போட முடியும்.

ரத்தக்கசிவு பயத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் குடும்பங்களும் உண்டு. பயம் வீண் அல்ல. அதே 1995 ஆய்வில், நிலைமையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு ஊசி பெற்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு ஏற்பட்டது, பெறாதவர்களில் 0.6 சதவீதம் பேருக்கு. இந்த ஆபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகும் ஊசி பெற்றவர்களே மொத்தத்தில் நன்றாக இருந்தார்கள், இறப்பும் கூடவில்லை. முடிவெடுப்பவர் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'கட்டியைக் கரைக்கும் என்சைம்' என்று விற்கப்படும் நாட்டோகைனேஸ் மாத்திரைகள் இந்த ஊசிக்கு ஈடு ஆகாது. மாத்திரையாக விழுங்கி வேலை செய்யும் டி.பி.ஏ. கிடையாது. புரதம் என்பதால் வயிற்றிலேயே செரித்துவிடும்.

மருத்துவமனைக்குள் நடக்கும் தவறுகள் வேறு வகை. ஆல்டிபிளேஸ் ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும். அதனால் பக்கவாதத்துக்கு எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90 மில்லிகிராம் எடுத்து, பத்தில் ஒரு பங்கை உடனேயும் மீதியை ஒரு மணி நேரத்திலும் செலுத்துவார்கள். அதே என்சைமை மூன்று இடங்களில் மாற்றி நீண்ட நேரம் நிற்க வைத்ததுதான் டெனெக்டிபிளேஸ், சுருக்கமாக டி.என்.கே. அது ஒரே ஊசி, பக்கவாதத்துக்கு அதிகபட்சம் 25 மில்லிகிராம். மாரடைப்புக்கோ 50 வரை போகும். ஆகவே டி.பி.ஏ., டி.என்.கே. என்று சுருக்கமாகச் சொல்லி ஒன்றின் அளவை மற்றதற்குப் போடுவதும், இதயத்துக்கான அளவை மூளைக்குப் போடுவதும் உயிர் போகும் தவறுகள். மருந்துப் பொடியில் தண்ணீர் சேர்த்த பிறகு குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். மெதுவாகச் சுழற்றினால் போதும். மாரடைப்புக்குப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பக்கவாதத்துக்கு மாற்றாக நினைப்பதும் தவறு. பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் அந்த மருந்தைப் பக்கவாதத்தில் சோதித்த 1990களின் ஆய்வுகள், கேடு அதிகமானதால் பாதியில் நிறுத்தப்பட்டன.

ஊசிக்கு முன் ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்க 180/105ஐத் தாண்டக் கூடாது. அந்த 24 மணி நேரமும், மறு ஸ்கேன் பார்க்கும் வரை, ஆஸ்பிரின் பொதுவாகக் கிடையாது. "மாத்திரையே தரமாட்டேன் என்கிறார்கள்" என்று உறவினர்கள் சண்டை போடுவது இதைத் தெரியாமல்தான். நாக்கோ உதடோ வீங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சிலருக்கு, குறிப்பாக எனலாப்ரில் வகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, அப்படி வீங்கி மூச்சு அடைக்கலாம்.

பெரிய குழாயே அடைத்திருந்தால் இந்த என்சைம் மட்டும் பல நேரம் போதாது. தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சை தேவைப்படும். தகுதியுள்ளவருக்கு முதலில் ஊசியை ஆரம்பித்துவிட்டு, அது வேலை செய்கிறதா என்று காத்திருக்காமல் அதற்கும் அனுப்ப வேண்டும்.