இறுக்க இறுக்க ஒழுகும் குழாய்: வீவக வீட்டில் நாமே செய்யும் தவறுகள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வீட்டின் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் பலவற்றில் தண்ணீர் மீட்டர் வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்துக் கதவுக்குப் பின்னால் இருக்கும். வால்வும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். சிங்குக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வை மட்டும் நம்பக் கூடாது. பல வருடம் தொடாமல் கிடந்தால் அது இறுகிப்போயிருக்கும், பலமாக முறுக்கினால் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிடும்.

சுவர்க் குழாய் மாற்றும்போதுதான் தவறு அதிகம் நடக்கிறது. முதலில் சுவருக்குள் இருக்கும் மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப் துணுக்குகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். புதுக் குழாயின் அரை அங்குல மரை முனை உங்களைப் பார்த்திருக்கட்டும். வெள்ளை டெஃப்லான் டேப்பை இழுத்துப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் மாட்டும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். கையால் முடிந்தவரை திருகிவிட்டு, மிச்சத்துக்கு ஸ்பேனர் போடுங்கள்.

கடைசியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குழாயின் மூக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் தாண்டிவிட்டது என்று பின்னால் திருப்புவார்கள். கால் சுற்று பின்னால் வந்தாலே டேப்பின் பிடி விட்டுப்போகும். உடனே தெரியாது, சில நாளில் கசியத் தொடங்கும். தாண்டிவிட்டால் கழற்றி, டேப்பை உரித்து, இரண்டு சுற்று கூடுதலாகப் போட்டு மறுபடி மாட்டுவதுதான் வழி. அதற்காக இருபது முப்பது சுற்று போட்டு முழு பலத்தோடு முறுக்கவும் கூடாது. சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) விரிசல் விட்டால் சுவர் ஓடுகளை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

வால்வையும் குழாயையும் இணைக்கும் ஃப்ளெக்சிபிள் ஹோஸுக்கு டேப்பே வேண்டாம். நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் தண்ணீரை நிறுத்துகிறது. கையால் இறுக்கி, ஸ்பேனரில் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் வாஷர் நசுங்கும். ஹோஸ் முறுக்கிக்கொண்டோ கூர்மையாக மடிந்தோ இருக்கக் கூடாது. சிங்க் அலமாரியில் பிளீச் போத்தல் வைப்பது நம் வீடுகளில் சகஜம். அதன் ஆவி ஸ்டீல் பின்னலை அரிக்கும். துரு தெரிந்தாலோ, ஹோஸ் உப்பியிருந்தாலோ உடனே மாற்றுங்கள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் ஃப்ளோர் டிராப் அடைத்துக்கொண்டால் கடையில் விற்கும் காஸ்டிக் சோடாவை எடுத்துக் கொட்டாதீர்கள். அது தண்ணீரில் கரையும்போது கடுமையாகச் சூடாகும், பிளாஸ்டிக் பைப்பைப் பதம் பார்க்கும். அந்தப் பைப் பெரும்பாலும் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில்தான் தொங்குகிறது. கையுறை போட்டு மூடியையும் உள்ளே இருக்கும் கிண்ணத்தையும் எடுத்து, முடியை வழித்தெறிந்தால் பல நேரம் வேலை முடிந்துவிடும். கிண்ணத்தைத் திரும்ப வைத்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் நின்றால்தான் நாற்றமும் கரப்பானும் மேலே வராது. நீங்கள் தண்ணீரே பயன்படுத்தாதபோதும் டிராப்பில் நீர் பொங்கினால் அடைப்பு பொதுக் குழாயில் இருக்கக்கூடும். நகர மன்றத்தின் 24 மணி நேர அவசரச் சேவையை அழையுங்கள்.

கழிவறைத் தொட்டி கசிகிறதா என்று பார்க்கத் தொட்டியில் நாலைந்து சொட்டு உணவு நிறமி விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் 20 நிமிடம் பொறுங்கள். கீழே நிறம் வந்திருந்தால் ரப்பர் சீலை மாற்ற வேண்டும். மஞ்சள்தூள் போடாதீர்கள், கறை போகாது.

குழாய், ஃப்ளஷ் பாகங்கள் மாற்றுவது நாமே செய்யலாம். புதுக் குழாய்ப் பாதை போடுவது, தண்ணீர் சேமிக்கும் ஹீட்டர் மாட்டுவது போன்றவற்றைப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பரிடம்தான் கொடுக்க வேண்டும். புது வீவக வீடுகளில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளைப் பெயர்க்க அனுமதி இல்லை, அடியில் உள்ள நீர்க்காப்பு கிழிந்துவிடும் என்பதால்.

கீழ்வீட்டுக்காரர் கூரை ஈரமாக இருக்கிறது என்று சொன்னால் பிரதான வால்வை மூடிவிட்டுக் கவனியுங்கள். சொட்டு நின்றால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகப்படலாம். குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரையிலோ டிராப்பிலோ தேட வேண்டும். கூரைக் கசிவைச் சரிசெய்வது இரண்டு வீட்டாருக்கும் பொதுவான பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்புத் திட்டத்துக்குத் தகுதி பெற்றால் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கும், மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்கு 25 விழுக்காடு.