ஸ்விங்கைக் குறை சொல்லும் முன் போன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் மூன்றிலும் பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானம் இருக்கிறது, கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-லேயே தொடங்கிவிட்டது, ஆட ஆளும் இருக்கிறார்கள். ஆனால் நினைத்த நேரத்தில் ஒரு கோச் பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது எல்லாருக்கும் வாய்க்காது. அதனால் கையில் இருக்கிற போனும், ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஒரு ஸ்டாண்டும்தான் பலருக்கு இப்போது கோச். நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், வீடியோவைப் பார்த்துவிட்டு "ஐயோ, இவ்வளவு கோணலாவா அடிக்கிறேன்" என்று மறுநாளே ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் விதத்தை, மாற்றத் தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் உண்மையில் மாற்ற வேண்டியது போன் நிற்கிற இடத்தை.

பின்னாலிருந்து எடுக்கும் கோணத்தையே எடுத்துக்கொள்வோம், அதில்தான் குழப்பம் அதிகம். போன் உங்களுக்குப் பின்னால் (முதுகுப் பக்கம் அல்ல, இலக்குக்கு எதிர்ப்பக்கம்), இலக்கை நேராகப் பார்த்தபடி, பந்தை அடிக்க நிற்கும்போது உங்கள் கைகள் இருக்கிற கோட்டில், கைகளின் உயரத்திலேயே இருக்க வேண்டும். நீங்கள் வலது கை ஆட்டக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை ஓர் இரண்டடி பந்துப் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஆள் முழுசாகத் தெரியட்டும் என்று உங்கள் பக்கம் திருப்பிவிட்டால், மட்டை கிளம்பும்போதே உடம்புக்குள் இழுபடுவது போலவும், உச்சிக்குப் போனதும் இலக்குக்கு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது போலவும் தெரியும். அதே போனைக் குதிகால் பக்கம் தள்ளி வைத்துப் பாருங்கள், எல்லாம் தலைகீழ்: மட்டை வெளியே போகிறது, உச்சியில் இடப்பக்கம் காட்டுகிறது. அடித்தவர் ஒருவர், அடித்த விதமும் ஒன்று. வீடியோ மட்டும் இரண்டு விதமாகக் குறை சொல்கிறது.

இதற்கு மருந்து ரொம்ப மலிவு. ஹார்டுவேர் கடையில் மெல்லிய பி.வி.சி. பைப் வாங்கி நாலடி நாலடியாக இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பந்துக்குச் சற்று வெளியே, இலக்கை நோக்கிப் போடுங்கள். இன்னொன்றை அதற்கு இணையாகக் கைகளுக்கு நேர் கீழே போட்டு, அந்தக் கோட்டைப் பின்னால் நீட்டினால் எங்கே வருமோ அங்கே நாலு மீட்டர் தள்ளி ஸ்டாண்டை வையுங்கள். கேமராவில் கட்டக்கோடுகளை ஆன் செய்தால், கைக்குக் கீழே கிடக்கிற பைப் செங்குத்தாக நிமிர்ந்து தெரிய வேண்டும். சாய்ந்து தெரிந்தால் போன் தப்பான இடத்தில் இருக்கிறது. பிறகு பைப்பை எடுத்துவிட்டு அடியுங்கள். (இதெல்லாம் பயிற்சிக்கு மட்டும். போட்டியில் திசை பிடிக்க இப்படித் தரையில் எதையும் வைக்கக் கூடாது, அபராதம் உண்டு.)

எதிரே நின்று எடுக்கும் கோணம் அவ்வளவு வம்பு செய்யாது. உங்கள் இரண்டு காலுக்கும் நடுவே நேர் எதிரே, மார்பு உயரத்தில் வைத்தால் போதும். இலக்குப் பக்கம் நகர்ந்துவிட்டால் மட்டும் பந்து பின்னங்காலுக்குப் பக்கத்தில் கிடப்பது போலத் தெரியும், அதை நம்பிப் பந்தை முன்னே நகர்த்தி வைத்துவிட்டு அப்புறம் மாதக்கணக்கில் ஏன் சரியாகப் படமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. இடம் போதவில்லை என்று 0.5 என்கிற அகலக் கோண லென்ஸுக்கும் போகாதீர்கள், அது ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக் காட்டும். நாலடி பின்னால் போங்கள், அவ்வளவுதான்.

மலைக்கே உரிய தவறு சரிவில் எடுப்பது. நம் மைதானங்களில் சமதரை கிடைப்பதே பெரிய பாடு. பந்து காலைவிட மேலே இருந்தால் வலது கையர் அடித்தது இடப்பக்கம் போகப் பார்க்கும், கீழே இருந்தால் வலப்பக்கம். உடம்பும் அதற்கேற்பச் சாய்ந்துதான் நிற்கும். அந்த வீடியோவை வைத்து உங்கள் வழக்கமான ஸ்விங்கைத் தீர்மானிக்க முடியாது. சமமான இடம் பார்த்து எடுங்கள், ஸ்டாண்டின் கால்களை ஏற்றி இறக்கிப் போனையும் நிமிர்த்துங்கள், பின்னால் நேராக வளர்ந்த கற்பூர மரம் ஏதாவது இருந்தால் அது படத்தில் நிமிர்ந்து நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று லேசு, பந்து சமவெளியைவிடக் கூடுதல் தூரம் போகும். கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்து ரெண்டு வீடியோ எடுத்ததும் "பத்து கஜம் கூடிடுச்சு" என்கிறவர்களிடம் என்ன சொல்வது!

சரி, வேகத்துக்கு வருவோம். மட்டை உச்சியிலிருந்து பந்துக்கு வர ஏறக்குறைய கால் விநாடி. சாதாரணமாக 30 ஃபிரேமில் (விநாடிக்கு 30 படம்) எடுத்தால் அந்தக் கால் விநாடிக்குக் கிடைப்பது ஏழெட்டுப் படம். சுமாராக அடிக்கிறவரின் டிரைவர் மட்டையின் (அதிக தூரம் அடிக்க எடுப்பது) தலையே விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் காணாமல் போகிறது. ஸ்லோ மோஷனில் 240 வைத்தால் அறுபது படம், இடைவெளி ஒரு சாணுக்கும் குறைவு. இது போதும். மட்டை பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பதே ஆயிரத்தில் அரை விநாடிதான், 240-லும் அந்தக் கணம் பெரும்பாலும் இரண்டு படத்துக்கு நடுவே நழுவிவிடும், அதைத் தேடி முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். விநாடிக்கு 1,000 ஃபிரேம் என்று ஆசை காட்டும் பழைய காசியோ கேமரா எங்காவது விலைக்கு வந்தால் முதலில் பட அளவைக் கேளுங்கள்: அந்த வேகத்தில் சில மாடல்களில் கிடைப்பது 224-க்கு 64 புள்ளி. அதில் ஆளே தெரியாது.

ஃபிரேமை ஏற்றியும் மட்டை வெறும் புகையாகத் தெரிந்தால் காரணம் வெளிச்சம். மேகம் இறங்கினால் போன் தானாகவே ஷட்டரை மெதுவாக்கிவிடும். கையால் மாற்ற வழி இருந்தால் 1/1000 விநாடியைவிட மெதுவாக விடாதீர்கள், இல்லையென்றால் வெயில் வரும்வரை பொறுங்கள். மூடுபனியில் ஃபோகஸ் மரத்துக்கும் ஆளுக்கும் நடுவே அலைபாயும், அதனால் பந்தின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிடுங்கள், லென்ஸில் படிந்த ஈரத்தையும் துடையுங்கள். அப்புறம், வீடியோவில் மட்டையின் தண்டு வில்லாக வளைந்து தெரிகிறதே, அதைப் பார்த்துவிட்டு "எனக்குக் கடினமான ஷாஃப்ட் வேணும்" என்று கடைக்குக் கிளம்பாதீர்கள். போன் கேமரா படத்தை வரிவரியாகத்தான் பதிகிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில் மட்டை நகர்ந்துவிடுவதால் வரும் வளைவு அது. தண்டு கொஞ்சம் வளைவது நிஜம், ஆனால் அவ்வளவு இல்லை.

செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில போன்கள் இடவலம் மாற்றிச் சேமிக்கும். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் போனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, அது மட்டையின் முகம், அதாவது பந்தில் படுகிற பரப்பு. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம் பார்க்கும் திசைதான். மட்டை வந்த பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம் வளைவைக் கொடுக்கிறது. அந்த இரண்டு மூன்று டிகிரி போன் வீடியோவில் கண்ணுக்குத் தெரியாது. ஸ்லைஸ் (வலது கையருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போவது) அடிக்கிறவர்கள் பாதையை மட்டும் மணிக்கணக்கில் பார்த்து, கோடு போட்டு, வட்டம் போட்டுக் கடைசியில் முகம் திறந்திருந்ததை, அதாவது பாதைக்கு வலப்பக்கம் பார்த்திருந்ததை, கவனிக்காமலே விடுவது இதனால்தான். அதற்குப் போன் வேண்டாம். பந்து போன போக்கைப் பாருங்கள், மட்டைப் பையைச் சுமந்து கூட வரும் கேடியைக் கேளுங்கள், அவர் பார்த்த பந்துகளை எந்தப் போன் ஆப்பும் பார்த்ததில்லை. மட்டையில் எங்கே பட்டது என்று தெரிய ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்புறம் ஒரு பொட்டு வைத்து அடியுங்கள், முகத்தில் அச்சு விழும். நடுவில் படாமல் முனைப் பக்கம் பட்டிருந்தால் பந்து வளைந்ததற்குப் பாதைமேல் பழி போட முடியாது.

அடித்த கையோடு "வலது பக்கம் கிளம்பி இன்னும் வலது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், அதுவும் வீடியோவில் பதிவாகும். இல்லாவிட்டால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எந்த ஸ்விங் எந்தப் பந்து என்று ஒன்றும் புரியாது. பந்து இல்லாமல் வெறுமனே வீசுவதை எடுத்து மகிழ்வதும் வீண். பந்து இல்லாதபோது எல்லாருமே அழகாகத்தான் வீசுவார்கள். டைகர் உட்ஸ் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுவதும் அப்படியே: டி.வி. கேமரா தூரத்தில் நின்று எடுப்பது, கோணம் வேறு, அவர் உடம்பு வேறு. உங்களோடு ஒப்பிட வேண்டியது போன மாதத்து நீங்கள், அதே இடத்தில், அதே உயரத்தில், அதே மட்டையோடு. கணினியில் பார்க்கிறவர்களுக்குக் கினோவியா என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

கடைசியாக, ஸ்டாண்டை வைத்துவிட்டு அதை மறந்துவிடாதீர்கள். மலைக்காற்றுக்கு லேசான ஸ்டாண்ட் தாங்காது, நடுவில் ஒரு பையில் கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள். குரங்கு பார்க்கிற தூரத்தில் போனை விட்டு நகராதீர்கள். கொடைக்கானலில் காட்டெருமை மைதானத்துக்குள் வந்தால் போன் கிடக்கட்டும், நீங்கள் விலகி நில்லுங்கள். பின்னால் ஆடக் காத்திருப்பவர்கள் இருந்தால் ஸ்டாண்டை மடக்கி வைத்துவிட்டு வழி விடுங்கள், மூன்று பந்துக்கு ஒரு வீடியோ எடுத்தாலே பார்க்க ஏராளம்.