எஞ்சின் ஆயிலை நீங்களே மாற்றுவதா, டீலரிடம் விடுவதா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் எஞ்சின் ஆயிலை முதன்முறையாகத் தாமே மாற்ற முற்படுவோரின் பக்கத்தில் நின்று பார்க்கும்போதெல்லாம், அவர்கள் செய்யும் தவறுகளில் புதியது ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது. இந்த வேலையைப் பழகியவர்கள் அனைவரும் தொடக்கத்தில் செய்தவையே மறுபடியும் நடக்கின்றன. ஆயில் பிடிக்கும் தட்டைத் தள்ளி வைத்துத் தரையை நனைப்பது, ஃபில்டர் வாங்க மறப்பது, ஊற்றும் வாயின் மூடியை எஞ்சின் மேலேயே விட்டுவிடுவது போன்றவற்றை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை கையும் துணியும் அழுக்காவதோடு முடிந்துவிடும். ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்வதில்லை. செய்தவருக்கே தெரியாமல் போகிற தவறுகளும், தெரியவரும்போது செலவு கைமீறிப் போயிருக்கிற தவறுகளும்தான் எழுதத் தகுந்தவை.

சேமிப்புக் கணக்கைப் பாதியில் நிறுத்துவது

டீலரின் ரசீதையும் கடையில் ஆயில், ஃபில்டர் ஆகியவற்றின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்து, மீதி முழுவதும் தமக்கு லாபம் என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்த வித்தியாசத்தில் கூலி மட்டும் இல்லை. தயாரிப்பாளர் திரும்ப அழைத்த பாகங்கள் உங்கள் காரில் உள்ளனவா என்று பார்ப்பது, மென்பொருள் புதுப்பிப்பு, சர்வீஸ் பதிவு ஆகியவையும் அதில் அடக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுப்பு அதில் இருக்கிறது. டீலரிடம் வேலை நன்றாக நடக்கும் என்பதற்காகப் பணம் கொடுப்பதாக நினைப்பது சரியான கணக்கு அல்ல. ஆயில் மாற்றும் வேலை பெரும்பாலான இடங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம்தான் கொடுக்கப்படுகிறது. அங்கே ஒரு பாகம் கெட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பதே வேறுபாடு. வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். இதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர் தாமே மாற்றிக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கவனமுள்ள ஒருவர் தம் சொந்தக் காருக்குச் செய்யும் வேலை, அவசரத்தில் இருக்கும் பணியாளர் செய்வதைவிடப் பல நேரங்களில் நன்றாகவே இருக்கும்.

டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவது

எஞ்சினின் அடியில், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்தான் டிரெயின் போல்ட். எத்தனை முறை சொன்னாலும் குறையாத தவறு இது. எழுதும்போதே எரிச்சல் வருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், கையேட்டை வரிவரியாகப் படித்து, சரியான ஆயிலும் தரமான ஃபில்டரும் வாங்கி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவந்தார். பழைய ஆயில் முழுவதும் வடிந்த பிறகு போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது, ஸ்பேனர் இறுகி நின்றுவிட்டது என்று தெரிந்தும், அதன் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி மேலும் அழுத்தினார். கசிந்துவிடக் கூடாதல்லவா என்றார். மறுநாள் காலையில் தரையில் ஒரு துளி ஆயில் இருந்தது. அதைப் பார்த்தவுடன் மறுபடியும் அதே குழாயோடு அடியில் படுத்து முறுக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இலகுவாகச் சுற்றத் தொடங்கியது. மரை போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அந்த மரை இருப்பது ஆயில் பேனில், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில். அந்தக் காரில் அதைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் சைலென்சர் குழாயின் ஒரு பகுதியை இறக்க வேண்டும். அந்த ஒரு செலவில் பல ஆண்டுகளுக்கான ஆயில் மாற்றத்தை டீலரிடமே முடித்திருக்கலாம்.

இதில் என்னை உறுத்துவது செலவுகூட அல்ல. அந்தத் துளி, போல்ட் தளர்வாக இருந்ததால் வந்ததல்ல. பழைய வாஷரையே திரும்பப் போட்டதால் வந்தது. புதிய வாஷர், ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் பிரிக்கப்படாமல் கிடந்தது.

டிரெயின் போல்ட்டில் ஆயிலைத் தடுத்து நிறுத்துவது மரை அல்ல, வாஷர். அலுமினியம் அல்லது செம்பாலான வாஷர், போல்ட்டின் தலைக்கும் பேனுக்கும் இடையில் சிறிதளவு நசுங்கி, இரண்டு பரப்புகளிலும் உள்ள மேடுபள்ளங்களை நிரப்புகிறது. அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மட்டுமே மரையின் வேலை. ஒருமுறை நசுங்கிய வாஷர் அதே அளவு மறுபடியும் நசுங்குவதில்லை. ஆகவே, கசிவைப் பார்த்ததும் முறுக்குவது நோயை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மருந்து கொடுப்பதாகும். சில கார்களில் வாஷர் போல்ட்டோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வரும். அங்கே ஒவ்வொரு முறையும் போல்ட்டையே மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

தேவைப்படும் முறுக்குவிசை எவ்வளவு குறைவு என்பது தெரிந்தால் பலர் குழாயைத் தேட மாட்டார்கள். பயணிகள் கார்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 25 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கிவிடும். உங்கள் காருக்கான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். 40 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் சுமார் 20 கிலோ எடைக்கு ஈடான விசை போதும். அதே கை, அதே விசையை 50 செ.மீ. குழாயின் நுனியில் கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர் ஆகிவிடுகிறது. போல்ட் எஃகினால் ஆனது. பேனோ இக்காலக் கார்கள் பலவற்றில் அலுமினியம். இரண்டில் மென்மையானதே முதலில் விட்டுக்கொடுக்கும். மரையில் ஆயில் படிந்திருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்கிலேயே போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும் என்பதால், பூட்டுவதற்கு முன் போல்ட்டையும் துளையின் வாயையும் துடைப்பது வீண் சடங்கு அல்ல.

அலுமினிய மரை ஒரே முறையில் அழிவது அரிது. ஒவ்வொரு மிகை முறுக்கிலும் கொஞ்சம் இழுபட்டு, கடைசியாக யாருடைய கையிலோ போகிறது. டீலரிடமோ வேறு பணிமனையிலோ காற்றுத் துப்பாக்கியால் முறுக்கப்பட்ட போல்ட்டை, அதன் பிறகு வீட்டில் முறையாகக் கழற்றிப் பூட்டியவர் பழி ஏற்க நேர்வதும் உண்டு. எனவே, தாமே செய்யத் தொடங்குபவர், முதன்முறை போல்ட்டைக் கழற்றும்போதே அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதையும், மரையில் வெள்ளி நிற அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்பதையும் கவனித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

குறித்த முறுக்குவிசை வந்ததும் சொடுக்கிக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கினால் தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சக்கர நட்டுகளுக்கென்று வாங்கிய பெரிய ரெஞ்ச் தன் அளவுகோலின் கீழ்நுனியில் துல்லியமாக இருப்பதில்லை. 30 நியூட்டன் மீட்டரில் அது எழுப்பும் மெல்லிய சொடுக்கு கைக்கும் காதுக்கும் எட்டாமல் போகவும் வாய்ப்புண்டு. இந்த வேலைக்குச் சிறிய ரெஞ்ச்தான் பொருத்தம். எந்தக் கருவியானாலும், முதல் சில சுற்றுகளை விரல்களாலேயே சுற்ற வேண்டும். விரலுக்கு இடம் கொடுக்காத போல்ட் கோணலாக ஏறியிருக்கிறது என்று பொருள். அதைச் சாக்கெட்டால் கட்டாயப்படுத்தக் கூடாது.

மரை ஏற்கெனவே போயிருந்தால், பெரிய அளவில் தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் போல்ட்டுகளை வாங்கத் தூண்டும் மலிவான வழியைத் தவிர்த்துவிடுங்கள். அவை கோணலாக ஏறுவதும், வெட்டிய துகள்களைப் பேனுக்குள் தள்ளுவதும் வழக்கம். துளையைப் பெரிதாக்கி எஃகு மரைச் செருகியைப் பொருத்துவது, நேராகத் துளையிடத் தெரிந்தவர் செய்தால், நிலையான பழுதுபார்ப்பு. சில நேரங்களில் பழைய மரையைவிட வலுவாகவும் இருக்கும்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம்

திருகிக் கழற்றும் வகை ஃபில்டரில், பழைய ரப்பர் வளையம் சில வேளைகளில் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை ஏற்றினால், இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஒன்றும் தெரியாது. சாலையில் ஆயில் அழுத்தம் உயர்ந்தவுடன் ஒரு வளையம் பிதுங்கி, பம்ப் பேனில் உள்ள ஆயில் அனைத்தையும் வெளியே தள்ளிவிடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகு, அடுத்த திருப்பம் வரை போய் நிறுத்தலாம் என்று நினைத்தால் எஞ்சின் போய்விடும். பழைய ஃபில்டரைக் கையில் எடுத்தவுடன் அதன் வளையம் அதனுடனேயே வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நொடி வேலை.

புதிய வளையத்தில் சிறிது ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் திருப்பினால் போதும் என்பதே வழக்கமான அளவு. காகித ஃபில்டர் உள்ளே போகும் பிளாஸ்டிக் மூடி என்றால், முறுக்குவிசை பெரும்பாலும் மூடியிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

பாகுநிலை எண்ணை மட்டும் பார்த்து ஆயில் வாங்குவது

0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்ற எண்கள் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை மட்டுமே சொல்கின்றன. அதில் என்ன சேர்மானங்கள் உள்ளன என்பதைச் சொல்வதில்லை. புகையில் உள்ள கரித்துகள்களைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ள டீசல் காரில் சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால், அந்தச் சாம்பல் எரியாமல் வடிகட்டியில் தங்கி, நாளடைவில் அதை அடைத்துவிடும். ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ-வின் சி வகை ஆயில்கள் இதற்காகவே வந்தவை. நேரடி எரிபொருள் தெளிப்பும் டர்போவும் கொண்ட பெட்ரோல் எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் சிக்கலும் டைமிங் செயின் தேய்மானமும் உண்டு. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்து 2020-இல் நடைமுறைக்கு வந்த எஸ்பி தரத்தில் இவ்விரண்டுக்கும் சோதனைகள் இடம்பெற்றுள்ளன. கையேட்டில் உள்ள தரக் குறியீடு முழுவதும் கேனின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

கேனில் உள்ளதை முழுவதும் ஊற்றிவிடுவது

கேனின் அளவு எஞ்சினின் அளவு அல்ல. மட்டம் மிகுந்தால், எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். காற்றுக் குமிழி கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பதில்லை. ஆயில் மட்டத்தைக் காட்டும் அளவுக்குச்சியான டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் சுமார் 1 லிட்டர்தான் இருக்கும். கையேட்டின் அளவிலிருந்து அரை லிட்டர் குறைத்து ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சமதளத்தில் சில நிமிடம் பொறுத்துப் பார்த்து மீதியைச் சேர்க்கவும்.

வேறு போல்ட்டைக் கழற்றுவது

பல கார்களில் கியர்பாக்ஸுக்கும் இதே போன்ற போல்ட் அடியில் இருக்கிறது. வடிவது சிவப்பாகவோ, எதிர்பாராத அளவு தெளிவாகவோ இருந்தால் உடனே திரும்ப மூடுங்கள். அதைக் கவனிக்காமல் எஞ்சினில் புதிய ஆயிலை ஊற்றினால், எஞ்சினில் இரண்டு மடங்கு, கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை என்ற நிலையில் கார் சாலைக்குப் போகும்.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பது

தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்ட் இல்லையென்றால் டீலரிடம் விடுங்கள்.

ரசீதை எறிந்துவிடுவது

வாரண்டிக் காலத்தில் வெளியே ஆயில் மாற்றினாலே வாரண்டி போய்விடும் என்று சொல்லப்படுவதை அப்படியே நம்ப வேண்டியதில்லை; அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் அத்தகைய நிபந்தனையைத் தடுக்கிறது. பிற நாடுகளில் விதிகளும் வாரண்டி ஒப்பந்தங்களும் வேறுபடும் என்பதால், உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுத் தொடங்கவும். எங்கே இருந்தாலும், ஆயில், ஃபில்டர் ரசீதுகளையும், மாற்றிய தேதியையும், ஓடிய கிலோமீட்டரையும் காட்ட முடியாதவரின் வாதம் நிற்காது.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது

கூடாது. மூடிய கேனில் ஊற்றிப் பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

டீலரிடம் விட்டால் எதையும் பார்க்க வேண்டாம் என்று இருப்பது

காரைத் திரும்ப எடுக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மூடி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ரசீதில் ஆயிலின் தரக் குறியீடு எழுதப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள். மறுநாள் கார் நின்ற இடத்தில் துளி இருந்தால், தாமே முறுக்கிப் பார்க்காமல் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். உங்கள் ஸ்பேனர் ஒருமுறை பட்டுவிட்டால், அந்த மரையைக் கெடுத்தது தாங்கள்தான் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அடுத்த முறை வீட்டில் மாற்ற நினைத்து, போல்ட் வழக்கமான ஸ்பேனருக்கு அசையாவிட்டாலும் இதே வழிதான். கழற்றுவதற்கு முன்பே அவர்களிடம் கொண்டுபோய், அவர்கள் முறுக்கியதை அவர்களையே கழற்றச் சொல்லுங்கள்.