டேங் மீன் வாங்கலாமா? கடைக்குப் போகும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்

மூன்றடித் தொட்டியில் பவுடர் ப்ளூ டேங் ஒன்றை விட்டு, பதினோராவது நாள் அதை முருங்கை மரத்தடியில் புதைத்தவன் நான். அதனால் இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சூடு பட்டவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் பக்கம். வாசலில் நின்றால் கடல் தெரியும், இருந்தும் வீட்டுக்குள் ஒரு கடல் வேண்டும் என்ற ஆசை எப்படியோ தொற்றிக்கொண்டது. கூடு வைத்து மீன் பிடிக்கும் என் மாமா அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது ஓடுற மீனுல்ல, இதைப் போயி பெட்டிக்குள்ள வச்சிருக்க" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தப் பதிவே அந்த வார்த்தைக்கான விளக்கம்தான்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். டேங் என்றால் மீன், டேங்க் என்றால் கண்ணாடித் தொட்டி. போனில் பேசினால் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும் ("நாலடி டேங் இருக்கா" என்று கேட்டு ஒரு கடைக்காரரைத் திகைக்க வைத்திருக்கிறேன்). அதனால் இங்கே கண்ணாடியைத் தொட்டி என்றே எழுதுகிறேன்.

டேங்குகளுக்கு சர்ஜன் ஃபிஷ் என்றும் பெயர். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பேனாக்கத்தி மாதிரி ஒரு முள் மடங்கிக் கிடக்கும், கோபம் வந்தால் விரியும், அதனால் வந்த பெயர். நம் பக்கத்து ஓரா மீனுக்குத் தூரத்துச் சொந்தம். ஓராவுக்கு முள் முதுகிலும் வயிற்றுப் பக்கமும், இதற்கு வாலடியில், அவ்வளவுதான். வலையில் ஓரா குத்திக் கை கடுத்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

படி 0: கடலிலிருந்து எதையும் அள்ளாதீர்கள்

கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. கல் பவளங்கள், கடல் விசிறி எல்லாம் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குள் வந்துவிட்டன. கரையில் ஒதுங்கிய செத்த பவளக்கல்லை எடுத்து வந்து தொட்டியில் வைத்தாலும் வம்புதான். தொட்டிக்குள் பாறை வேண்டுமென்றால் செயற்கைப் பாறை வாங்குங்கள். ஆறு மாதத்தில் அதுவும் ஊதாப்பாசி படிந்து அசல் மாதிரியே ஆகிவிடும். உயிருள்ளது எதுவாக இருந்தாலும் பில்லோடு வாங்குங்கள்.

படி 1: நீளத்தை அளங்கள்

புதியவர்கள் எல்லாரும் கேட்பது "எத்தனை லிட்டர் வேண்டும்" என்பதுதான். டேங் விஷயத்தில் லிட்டர் இரண்டாவது கேள்வி, எத்தனை அடி நீளம் என்பதுதான் முதல் கேள்வி. இந்த மீன் பாறை இடுக்கில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற ஜாதி இல்லை. விடிந்தால் கிளம்பி, பாறையைக் கொறித்துக்கொண்டே போய், திரும்பி, மறுபடி கொறித்து, இருட்டும் வரை நடைதான். பங்குனி மாதம் தென்கடல் பக்கம் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தை உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறேன். கன்விக்ட் டேங் என்று சொல்கிறார்களே, வெளிறிய உடம்பில் கறுப்புக் கோடு போட்டது, அது இருபது முப்பதாகச் சேர்ந்து ஒரு பாறை மேல் ஆட்டுக்கிடை இறங்குவது போல இறங்கியது. நான் பத்து எண்ணுவதற்குள் அந்த இடத்தை மேய்ந்து முடித்து அடுத்த பாறைக்குப் போய்விட்டது. என் மூன்றடித் தொட்டியில் அந்தப் பவுடர் ப்ளூ என்ன செய்தது தெரியுமா? இடது மூலையில் கண்ணாடியை ஒட்டி மேலே, கீழே, மேலே, கீழே. நான் அதைப் பார்த்துவிட்டு "சுறுசுறுப்பாக இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டேன்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் சுமார் 450 லிட்டர். 6 அடி நீளம் என்றால் 680 லிட்டர். நான்கடிக்குக் கீழே டேங் என்ற பேச்சே வேண்டாம். இன்னொன்று, 450 லிட்டர் உப்புத்தண்ணீரே 460 கிலோ, கண்ணாடியும் பாறையும் சேர்ந்தால் 600 கிலோவைத் தொட்டுவிடும், மாடி அறையில் வைப்பதாக இருந்தால் கொத்தனாரையோ இன்ஜினியரையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

தொட்டிக்குள் பாறையைச் சுவர் மாதிரி முழு நீளத்துக்கும் அடுக்காதீர்கள். இரண்டு தீவாகப் பிரித்து, முன்னாலும் நடுவிலும் ஓட்டத்துக்கு வழி விடுங்கள். இரவில் நுழைந்து படுக்க ஒரு பொந்து கட்டாயம் வேண்டும்.

படி 2: எந்த டேங்?

கடையில் எல்லாமே மூன்று அங்குலக் குட்டியாகத்தான் இருக்கும், அங்கேதான் ஏமாறுகிறோம். வளர்ந்த பிறகு என்ன அளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோலே, டொமினி இரண்டும் டேங்குகளில் சின்னவை, ஏழு அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். சீப்பு மாதிரிப் பல் இருப்பதால் பாறையில் படியும் பொடிப்பாசியைச் சுரண்டித் தின்னும். நான்கடித் தொட்டிக்கு முதல் டேங் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நிறம் கொஞ்சம் மங்கல், அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, பாவம்.

மஞ்சள் டேங் எட்டு அங்குலம் வரை வரும். நான்கடியில் வைக்கலாம், ஆனால் வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொள்ளும். ஹவாய்க் கடல் பக்கத்து மீன், அங்கே பிடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து விலை எங்கேயோ போய்விட்டது. 2015-ல் ஹவாயிலேயே இதைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார்கள். பண்ணை மீன் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே வாங்குங்கள், தொட்டிக்கும் தீவனத்துக்கும் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கும்.

நீல டேங், அதுதான் குழந்தைகள் எல்லாம் கைகாட்டும் சினிமா மீன் ('ஃபைண்டிங் நீமோ' டோரி), ஒரு அடி வரை வளரும். ஆறடித் தொட்டி இல்லையென்றால் குழந்தையைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். (பயந்தால் செத்தது போலப் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் பதறிக் கையை விடாதீர்கள்.)

பவுடர் ப்ளூ நம் இந்தியப் பெருங்கடல் மீன். அழகில் இதை அடிக்க ஆளில்லை, நோயை இழுத்துக்கொள்வதிலும் ஆளில்லை. முதல் இரண்டு வருடம் இதன் பக்கமே போகாதீர்கள். நேசோ, செயில்ஃபின், லீனியேட்டஸ் எல்லாம் ஒரு அடியைத் தாண்டும், வீட்டுக்கு ஆகாது, விட்டுவிடலாம்.

படி 3: வெயிலும் கரண்டும்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள், நம் கரைக்கு இதுதான் கஷ்டமான படி. டேங்குகள் அலை அடித்து நுரைக்கும் இடத்து மீன்கள், தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய வேண்டும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது, சித்திரை வைகாசியில் நம் வீட்டுக்குள் ஒரு குடத்துத் தண்ணீரே 31 காட்டும். கடலே தாங்காத சூடு அது, 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்ததைப் பார்த்தோம்.

மின்விசிறியைத் தண்ணீர் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்று உள்நாட்டுக்காரர்கள் எழுதுவார்கள். அவர்கள் ஊர்க் காற்று காய்ந்த காற்று. நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் சொட்டுகிறது, ஆவியாவது குறைவு, அதனால் குளிர்வதும் குறைவு. பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி எங்கே இருந்தாலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கக் காசு ஒதுக்காமல் டேங் வாங்காதீர்கள். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல்தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம் பக்கத்துப் போர் தண்ணீர் என்ன லட்சணம் என்று உங்கள் குளியலறைக் குழாயே சொல்லும்.

அப்புறம் கரண்ட். நடு இரவில் போனால் மோட்டார் நிற்கும், அலை நிற்கும். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் தராது, எல்லாமே உறிஞ்சும். முதலில் மேல் தட்டுக்கு வந்து வாயைத் திறந்து மூடுவது டேங்தான். பேட்டரி ஏர்பம்ப் ஒன்றாவது வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டரில் தொட்டியின் அலை மோட்டாரை இணைத்துவிட்டால் இன்னும் நிம்மதி.

படி 4: ஒரு மாதத் தனிமை

என் மீன் செத்தது இங்கேதான். ஆறாவது நாள் செதில் மேல் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். எட்டாவது நாள் பார்த்தால் ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். பத்தாவது நாள் உடம்பு முழுக்க ரவை, மூச்சு இரைக்கிறது. மறுநாள் முருங்கை மரம்.

நடந்தது இதுதான். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள் தின்று கொழுத்துத் தானாகவே உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி வெடித்து வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். நடுவில் புள்ளி மறைவதுதான் நம்மை ஏமாற்றும். டேங்குக்கு மேல்வழுவழுப்பு மெல்லியது என்பார்கள், கூட்டத்தில் பெரும்பாலும் முதலில் மாட்டுவது அதுதான்.

அதனால் இரண்டடித் தொட்டி ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிளம்பர் கடை பி.வி.சி. எல்போ நாலு, இவ்வளவுதான் செலவு. மணல், பாறை கூடாது. புது டேங்கை அதில் முப்பது நாள் வையுங்கள். புள்ளி வந்தால் காப்பர் மருந்து அங்கேயே கொடுக்கலாம், டெஸ்ட் கிட் வைத்து தினமும் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த மருந்து பெரிய தொட்டிக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, பவளமும் இறாலும் நத்தையும் போய்ச் சேர்ந்துவிடும். பெரிய தொட்டிக்குள் நோய் ஏற்கெனவே நுழைந்துவிட்டதா? எல்லா மீனையும் வெளியே எடுத்துவிட்டு 76 நாள் மீனே இல்லாமல் வெறும் தண்ணீரோடு தொட்டியை ஓடவிட வேண்டும். நான் விட்டேன். பாறையையும் மணலையும் பார்த்துக்கொண்டு இரண்டரை மாதம்.

படி 5: சாப்பாடு

இங்கே மட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு லாபம். டேங்குக்கு நாள் முழுக்க இலை தழை வேண்டும், இறால் மட்டும் போட்டு வளர்த்தால் தலையிலும் பக்கக் கோட்டிலும் தோல் அரித்துக் குழி விழும். வெளியூர்க்காரர்கள் நோரித்தாள் (காயவைத்த கடல்பாசித் தாள்) வாங்கி கிளிப்பில் மாட்டுகிறார்கள். நம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால் கஞ்சிப்பாசி பச்சையாகவே கிடைக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள், பொடி நண்டும் புழுவும் உதிரும். பாறையில் ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள், கிளிப்பில் தொங்கவிடுவதைவிட அதுதான் அதற்குப் பழக்கமான மேய்ச்சல். மிச்சத்தைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வைக்கலாம், வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. மரிக்கொழுந்துப் பாசி வேண்டாம், முரட்டு நார், என் மீன் தொடவில்லை.

புதிதாகத் தண்ணீர் ஊற்றிய தொட்டிக்குப் பாறையில் பாசியே இருக்காது. ஆறு மாதமாவது ஆகட்டும்.

படி 6: கடையில்

கடைக்காரரிடம் உங்கள் கண் முன்னால் தீவனம் போடச் சொல்லுங்கள். தின்னாத டேங்கை வாங்காதீர்கள், விலை குறைத்தாலும் வேண்டாம். பக்கத்திலிருந்து பார்க்காமல் நேர் எதிரில் நின்று பாருங்கள், வயிறு உள்ளே ஒட்டிப்போய் முதுகு கத்தி மாதிரித் தெரிந்தால் பல நாள் பட்டினி என்று அர்த்தம். பையில் போடும்போது வாலைத் தொடாதீர்கள். வலையில் முள் சிக்கிக்கொள்ளும், டப்பாவில் மொண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பெரிய தொட்டிக்குள் டேங்கைக் கடைசி மீனாக விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தனக்குத்தான் பட்டா என்று நினைத்துக்கொள்ளும், பிறகு வருகிறவனுக்கெல்லாம் வாலடி. நான்கடியில் ஒரே ஒரு டேங், இரண்டு கிடையாது.

இத்தனைக்கும் பிறகு "நம் வீட்டுக்கு வேண்டாம்" என்று தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாசிதான் தொந்தரவு என்றால் நாலைந்து டர்போ நத்தையும் பாசி மேயும் லான்மோவர் ப்ளென்னி என்ற சின்ன மீன் ஒன்றும் போதும். நிறம்தான் வேண்டும் என்றால் கோமாளி மீன் இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலேயே அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். இரண்டரை அடித் தொட்டியில் ஒரு ஜோடி நிம்மதியாக இருக்கும்.

என்னிடம் இப்போது நான்கடித் தொட்டியில் ஒரு கோலே இருக்கிறது, வந்து மூன்று வருடம். போன வாரம் மாமா வந்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னும் ரெண்டடி கூட்டிருக்கலாம்" என்றார்.