ஒரே நாவலில் கொலையும் பேயும் காதலும்: புதிதாக எழுதுபவர்களுக்குப் படிப்படியான விளக்கம்

புதிதாக நாவல் எழுத வருபவர்களில் பலருக்கு ஒரே கதையில் மர்மமும் திகிலும் காதலும் வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் முதல் வரைவில் ஓர் அத்தியாயம் கொலை, அடுத்தது பேய், அதற்கடுத்தது காதல் என்று மாறி மாறி வந்துவிடுகிறது. மூன்று கதைகளைப் பிய்த்து ஒரே அட்டைக்குள் கட்டியதுபோல் இருக்கும். ஒரே சம்பவம் இரண்டு கதைகளுக்கும் வேலை செய்யும் இடத்தில்தான் வகைகள் கலக்கின்றன. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடங்களை உண்டாக்குவதற்கானவை.

ஒரு மாதிரிக் கதையை வைத்துப் பார்ப்போம். 1978 நவம்பர் 23, மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த இரவு. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு போடியார் (பெரிய நிலக்காரர்) தென்னை மரத்தின் கீழ் செத்துக் கிடக்கிறார். புயல் கொண்டுபோன உயிர் என்று ஊர் நம்புகிறது, மகள் பூமணி நம்பவில்லை. சில நாளில், வாவியில் அவர் தோணி போகும் தடத்தில் இரவு இரவாக ஒரு லாந்தர் வெளிச்சம் தெரிகிறது. மண்முனைத்துறையில் ஆட்களை வாவி கடத்தும் 'பாதை' என்ற மிதவையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் பூமணியை விரும்புகிறான்.

படி 1: வீட்டுக்காரர் யார்?

ஒவ்வொரு வகைக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். மர்மம்: போடியாரைக் கொன்றது யார்? திகில்: வாவியில் வரும் வெளிச்சம் என்ன? காதல்: பூமணி அவனை நம்புவாளா? இந்த மூன்றில் எதற்கு விடை சொல்லாவிட்டால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார்? அதுதான் தலைமை வகை. நம் கதையில் அது மர்மம். மற்ற இரண்டும் அந்த வீட்டில் குடியிருக்கலாம், ஆனால் வீட்டு உறுதிப்பத்திரம் அவற்றின் பெயரில் இல்லை. மூன்றுக்கும் சம உரிமை கொடுத்தால் நடுப்பகுதியில் கதை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும்.

படி 2: பேய்க்கு ஒரு சட்டம்

வெளிச்சம் உண்மையிலேயே ஆவியா, மனிதர் வேலையா, கடைசிவரை இரண்டுமாக இருக்கலாமா? வாசகருக்குச் சொல்லாவிட்டாலும் நீங்கள் முதல் வரிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். எதைத் தேர்ந்தாலும் ஒரு சட்டத்தை மீறவேண்டாம்: கொலைகாரனின் பெயரை ஆவி சொல்லக்கூடாது. சொன்னால் பூமணி தேடியது அத்தனையும் வீண், தானும் கூடவே துப்புத் தேடி வந்த வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். ஆவி ஓர் இடத்தைக் காட்டலாம், ஒரு கேள்வியை எழுப்பலாம். விடையை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 3: கட்டியம் கூறுங்கள்

கூத்தில் கட்டியகாரன் வந்து சொல்லாமல் ராசா வட்டக்களரி என்ற ஆடரங்குக்குள் வருவதில்லை. நாவலிலும் அப்படித்தான். முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் எல்லா வகையும் ஒரு தடவையாவது தலைகாட்ட வேண்டும். பேய் முதன்முதலாகப் பதினெட்டாம் அத்தியாயத்தில் வந்தால், எழுத்தாளருக்கு வழி தெரியாமல் கொண்டுவந்தார் என்றுதான் தோன்றும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூன்றாம் அத்தியாயக் கடைசியில் பூமணியின் பெத்தா (பாட்டி) ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "அந்தப் பக்கம் பார்க்காத புள்ள" என்றால் போதும்.

படி 4: முப்பது அட்டைகள்

முதல் நாவலுக்கு 60,000 சொற்கள் தாராளம். அத்தியாயத்துக்கு 2,000 சொல் என்றால் 30 அத்தியாயம். முப்பது அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் அந்த அத்தியாயத்தில் நடப்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். முன்னின்று நடத்தும் வகைக்கு ஒரு நிறத்தில் கோடு போடுங்கள். மர்மத்துக்கு 18, திகிலுக்கு 7, காதலுக்கு 5 என்பது நல்ல தொடக்கம். இது சட்டமில்லை, எழுத எழுத மாறும். அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு நிறம் நான்கு அட்டைக்கு மேல் காணாமல் போயிருந்தால் வாசகர் அதை மறந்துவிடுவார். அந்த இடைவெளியில் அரைப் பக்கமாவது சேருங்கள்.

படி 5: மூட்டுகள்

நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள். ஒரே பொருள், ஒரே ஆள், ஒரே சம்பவம் இரண்டு வகைகளைப் பிணைக்கும் இடத்தை மூட்டு என்போம். ஒரு நாவலுக்கு ஐந்தாறு மூட்டு வேண்டும்.

1978 சூறாவளி உண்மையில் நடந்தது, அதனால் நம் கதையில் வரலாறும் இருக்கிறது. அந்த வரலாறும் மர்மமும் சேரும் மூட்டு ஒன்று. வங்கக்கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் சூறாவளியின் கண் ஓர் ஊருக்கு மேலாகப் போனால், முதலில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும், மரங்கள் தெற்கே சாயும். கண் வந்ததும் காற்று அடங்கிவிடும். புயல் முடிந்தது என்று ஆட்கள் வெளியே வருவார்கள். பிறகு தெற்கிலிருந்து அடிக்கத் தொடங்கும், அப்போது விழும் மரங்கள் வடக்கே கிடக்கும். இப்போது போடியாரின் மைத்துனன் சொல்கிறான்: "முதல் காற்றிலேயே மரம் விழுந்துட்டு. காற்று அடங்கினாப் பிறகுதான் நான் வீட்ட போன." ஆனால் அவர் மேல் கிடக்கும் தென்னையின் தலை வடக்கே இருக்கிறது. அந்த மரம் விழுந்தது இரண்டாம் காற்றில். மைத்துனன் பொய் சொல்கிறான்.

இந்தத் துப்பை மூன்றாகப் பிரித்து வையுங்கள். காற்று இரண்டு பக்கமிருந்தும் அடித்ததை நான்காம் அத்தியாயத்தில் பெத்தா புலம்பலோடு புலம்பலாகச் சொல்லட்டும். மரம் கிடக்கும் திசை ஒன்பதாம் அத்தியாயத்தில், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே போகட்டும். இரண்டையும் பூமணி சேர்த்துப் பார்ப்பது இருபத்து நான்கில். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்தால் பத்தாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும். உங்கள் கதை நடக்கும் ஊரின் மேலாகக் கண் போனதா என்பதை அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

காதலும் மர்மமும் சேரும் மூட்டு: பாதையை நிறுத்துவதற்கு முன் அன்று பின்னேரம் கடைசியாகக் கடந்து வந்தது யார் என்பது அந்த இளைஞனுக்கு மட்டும் தெரியும். வந்தவன் அவனுடைய சொந்த அண்ணன். அதனால் அவன் வாய் திறப்பதில்லை. இப்போது ஒவ்வொரு காதல் காட்சியிலும் கொலை மறைந்து நிற்கிறது.

படி 6: நடை மாற்றம்

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது வாசகர் திடுக்கிடாமல் இருக்க, ஒரு பொருளைப் பாலமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லாந்தரை எடுத்துப் பார்ப்போம். காதல் அத்தியாயத்தில்:

"பூமணி லாந்தர்க் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன் மாற்றிக் கொடுத்த திரி இன்னும் கருகாமல் இருந்தது. அதைப் போடும்போது விரலில் எண்ணெய் பட்டு அவன் சிரித்த சிரிப்பும் அப்படியே இருந்தது."

அடுத்த அத்தியாயத்தில், அதே லாந்தர்:

"பூமணி கண்ணாடியைத் தொட்டாள். சுட்டது. பெத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். 'இத ஆரு புள்ள கொளுத்தின?' அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் விளக்கேற்றவில்லை."

முதலாவதில் வாக்கியம் நீள்கிறது, நினைவுக்கு இடம் இருக்கிறது. இரண்டாவதில் வாக்கியம் வெட்டுப்படுகிறது, நினைவே இல்லை. பேச்சுமொழி மட்டும் மாறாமல் இருக்க வேண்டும். காதலில் மட்டக்களப்புப் பேச்சும் திகிலில் சினிமாத் தமிழும் பேசினால் அது ஒரே பெத்தா இல்லை.

படி 7: காலத்தைச் சரிபாருங்கள்

வரலாறு கலந்தால் ஒரு சின்னப் பிழை மற்ற வகைகளையும் சாய்த்துவிடும். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல், கல்லடியின் புதிய பாலம் 2013இல். 1978இல் உங்கள் ஆட்கள் மண்முனைத்துறையைப் பாதையிலோ தோணியிலோதான் கடக்க வேண்டும். நிலாவையும் பாருங்கள். அந்த மாதம் பூரணை 14ஆம் திகதி, அமாவாசை 30. ஆகவே 27ஆம் திகதி முன்னிரவில் வாவி மேல் பால்நிலா பொழிய வழியில்லை. திகிலுக்கு இருட்டுத்தான் நல்லது, அதை அப்படியே பயன்படுத்துங்கள்.

படி 8: முடிச்சவிழ்க்கும் ஒழுங்கு

முதலில் எழுப்பிய பெரிய கேள்விக்குக் கடைசியில் விடை வரட்டும். இளைஞன் அண்ணனைப் பற்றி வாய் திறப்பது 27இல், வெளிச்சத்தின் விளக்கம் 28இல், கொலைகாரன் 29இல். கொலைகாரன் பிடிபட்ட பிறகு இரண்டு அத்தியாயம் காதலை இழுத்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டி ஓடுவார்.

வரைவு முடிந்ததும் ஒரு சோதனை. ஒரு நிறத்து அட்டைகளை முழுதாக எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள். காதல் அட்டைகள் ஐந்தையும் எடுத்த பிறகும் கொலை துலங்குகிறது என்றால், காதல் கலக்கவில்லை, ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறது. கடைசியாகப் பாதையில் வந்தவன் யார் என்பது பூமணிக்கு வேறொருவர் மூலமும் தெரியவருகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் ஓர் அயலவரோ கடைக்காரரோ அதைச் சொல்லியிருப்பார். அந்த வரியை வெட்டிவிட்டு, அது அந்த இளைஞன் வாயிலிருந்து மட்டும் வரும்படி மாற்றி எழுதுங்கள்.