ஊருணியில் கை வைக்கும் முன் குடையோடு நடந்து பாருங்கள்

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் இருக்கிறது. நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்டில், எங்கள் தெருவில் 11 பேர் சேர்ந்து ஊருணியைத் தூர்வாரினோம். ஆடியில் பொக்லைன் வைத்து மண் அள்ளினோம். ஐப்பசியில் மழை கொட்டியது. ஊருணியில் நின்றதோ கணுக்கால் அளவுத் தண்ணீர். அந்த வேதனையில் கற்றதை எழுதுகிறேன்.

எந்த வேலையை எடுப்பது என்று கூட்டம் போட்டுக் கேட்டால், கண்ணில் படுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள்: குப்பை, தெருவிளக்கு, புதர். அவையும் தேவைதான். ஆனால் தண்ணீர் வேலையை வெயில் காலத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மழை வலுத்திருக்கும்போது இரண்டிரண்டு பேராகக் குடை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே திசை மாறுகிறது என்று கைபேசியில் படம் பிடியுங்கள்.

செட்டிநாட்டு ஊர்களில் இது இன்னும் முக்கியம். ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்தில் விழும் மழை, தெருவோரக் கால்வாய்க்கு வந்து ஊருணியில் சேரும்படி வாட்டம் பார்த்து ஊரை அமைத்தவர்கள் நம் முன்னோர். செம்புராங்கல் கட்டிய ஊருணியை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்த்ததாகும். மீதிப் பாதி, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால். எங்கள் ஊரில் சிமென்ட் சாலையைப் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தியதில், கால்வாயின் வாய் சாலைக்குக் கீழே புதைந்து கிடந்தது. இதை எங்களுக்குக் காட்டியவர் எண்பது வயது ஆச்சி ஒருவர். "எங்கள் அப்பச்சி காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாகத்தானே தண்ணீர் வரும், அங்கே போய்ப் பாருங்கள் தம்பி" என்றார். அவர் சொன்ன இடத்தில் இரண்டடி தோண்டியதும் பழைய கல்பாலம் தெரிந்தது. ஊரில் மூத்தவர்களிடம் முதலிலேயே கேளுங்கள். நாங்கள் ஓர் ஆண்டு தாமதமாகக் கேட்டோம்.

அடுத்தது ஆவணம். ஊரின் நில விவரங்கள் இருக்கும் 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் ஊருணியும் வரத்துக்காலும் எந்தப் புல எண்ணில், என்ன வகையில் பதிவாகியிருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். கால்வாயின் மேல் யாராவது சுவர் எழுப்பியிருந்தால் நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம். நில அளவைக்கு மனுக் கொடுங்கள். அளந்து கல் நட்டுவிட்டால் பாதித் தகராறு அடங்கிவிடும்.

கிராம சபையில் தீர்மானம் போடாமல் ஒரு கூடை மண்ணும் அள்ளாதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-லும் நவம்பர் 1-லும் சபை கூடுகிறது. மே 1 கூட்டம்தான் நமக்கு ஏற்றது. அதில் தீர்மானம் நிறைவேறினால், ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் வேலைக்குக் கிடைக்கும். எடுக்கும் மண்ணை வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

தோண்டும்போது ஆசைப்பட்டு ஆழம் போகாதீர்கள். வண்டல் தீர்ந்து களிமண் தெரிந்ததும் நிறுத்துங்கள். அந்தக் களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்தால் நிரம்பிய ஊருணியும் வடிந்துவிடும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்குங்கள், நெற்று முற்றும் முன்பே பிடுங்குங்கள். ஆடு நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையை ஊர் முழுக்கப் பரப்பும்.

பணத்துக்கு, வெளியூரில் இருப்பவர்கள் பிள்ளையார் நோன்புக்கும், முன்னோரை வழிபடும் படைப்புக்கும் ஊருக்கு வரும்போது நேரில் ஊருணிக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். சிறுவயதில் தண்ணீர் எடுத்த படித்துறையில் நின்று பார்ப்பவர் தாமாகவே கேட்பார், எவ்வளவு வேண்டும் என்று. பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். வரவு செலவைக் கோயில் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாம் ஆண்டு கால்வாயைத் திறந்தோம். கார்த்திகையில் ஐந்தாம் படி வரை தண்ணீர் ஏறியது. கால்வாய் ஊருணிக்குள் நுழையும் இடத்தில் வண்டல் படிய ஒரு குழி வெட்டியிருக்கிறோம். ஒவ்வோர் ஆவணியிலும் அதை அள்ளுவது தெருவுக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு எங்கள் தெருவின் முறை.