மாரிச் சேற்றில் இருவராக நெடுந்தூரம் ஓடுவது எப்படி

நகர்வல ஓட்டம் என்ற பெயரில் நாம் பாடசாலைக் காலத்தில் ஓடியது பெரும்பாலும் தார் வீதியில்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாடசாலை மாணவர்கள் குளிர்காலத்தில் வயலையும் வேலியையும் தாண்டிச் சேற்றில் ஓடிய விளையாட்டே அதன் மூலம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதைக் கடும் வெயிலில் நடத்தியபோது, புறப்பட்ட 38 பேரில் 15 பேர் மட்டுமே ஓடி முடித்தார்கள். அதன் பிறகு ஒலிம்பிக்கில் அந்த ஓட்டம் இடம்பெறவேயில்லை. வெயிலுக்கு ஒவ்வாத இவ்வோட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஏற்ற காலம், ஐப்பசி மழை இறங்கி நிலம் ஊறிய பின், கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து தை வரைக்குமான நாட்கள். 15 முதல் 20 கிலோமீற்றர் வரை ஒரு நண்பருடன் சேர்ந்து ஓட விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நண்பரோடு பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. சேற்றில் வேகத்தை முடிவுசெய்பவர் இருவரில் மெதுவாக ஓடுபவரே என்பதை இருவரும் மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும். வேகமானவர் முன்னே போய்க் காத்து நிற்பதும், பின்னால் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவுடன் மீண்டும் புறப்படுவதும் நட்புக்கும் நல்லதல்ல, காலுக்கும் நல்லதல்ல. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகின்ற வேகமே சரியான வேகம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முன்செல்பவர் மாறுவதும், இடைவெளி ஒருபோதும் கூப்பிடு தூரத்தைத் தாண்டாமல் இருப்பதும் நல்ல வழக்கங்கள். முன்னால் போகிறவர் "கம்பி", "குழி", "கிணறு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இருவரில் ஒருவர் "போதும், திரும்புவோம்" என்றால் மற்றவர் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இரண்டாவது மணித்தியாலத்தில் களைத்துப்போன இருவர் நிதானமாக வாதிட்டு நான் கண்டதில்லை.

தூரத்தைக் கிலோமீற்றரில் அல்லாமல் நேரத்தில் கணக்கிடுங்கள். வீதியில் ஒரு மணித்தியாலத்தில் 10 கிலோமீற்றர் ஓடும் எங்கள் இருவருக்கும் ஈரமான தரவையில், அதாவது தாழ்ந்த வெட்டவெளி நிலத்தில், அதே தூரம் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஆகவே புரட்டாதியிலேயே பயிற்சியைத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாக நீட்டி, மழை தொடங்கியதும் அதில் பாதியையாவது ஈர நிலத்தில் ஓடிப் பழகுங்கள்.

பாதையைத் தெரிவு செய்வதற்கு மண்ணை அறிந்திருக்க வேண்டும். யாழ். குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருப்பதால் மழைநீர் விரைவாகக் கீழிறங்கிவிடும். காலையில் சகதியாகக் கிடந்த ஒழுங்கை மழை விட்டால் மாலைக்குள் காலூன்ற உறுதியாகிவிடும். வயல்வெளியின் களிமண்ணும் கடல்நீரேரியை அண்டிய தரவைகளும் அப்படியல்ல. அங்கே நீர் வாரக்கணக்கில் நிற்கும். குடாநாட்டின் ஒரே ஆறான வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் கடல்நீரேரியைச் சேர்கிறது. மாரியில் மட்டுமே நீரோடும் அதன் இருமருங்கும் நமக்கு வேண்டிய அளவு சேறு உண்டு. ஆனால் அக்காலத்தில் வயல்களில் நெல் நிற்கும், அறுவடை தையிலும் மாசியிலும்தான். ஆதலால் வரம்பில் ஓடவே கூடாது. ஊறிய வரம்பு இரண்டு பேர் மிதித்தாலே உடைந்து, ஒருவரின் வயல் நீர் மற்றவரின் வயலுக்குப் போய்விடும். உழவு இயந்திரங்கள் போய்வரும் பாதைகளையும் வாய்க்கால் ஓரத்து மண்பாதைகளையும் மட்டும் பயன்படுத்துங்கள். வழியில் காணும் கமக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதையும் பாதுகாப்பும் ஆகும்.

பாதுகாப்பு என்று சொன்னது கிணறுகளுக்காகவே. கட்டில்லாத தோட்டக் கிணறுகளும் துரவுகளும் இங்கே ஏராளம். வெள்ளம் நிரம்பிய நாளில் கிணற்று நீரும் நில நீரும் ஒரே மட்டத்தில் நிற்பதால் எது கிணறு, எது குட்டை என்று கண்ணால் பிரிக்க முடியாது. எனவே ஓடப்போகும் பாதையைக் கோடையிலேயே ஒருமுறை நடந்து பார்த்துக் கிணறுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடி தெரியாத நீருக்குள் ஓடாமல், தடியால் குத்திப் பார்த்து நடந்து கடந்து செல்லுங்கள். முகமாலைப் பக்கம் போன்று போர் முனையாக இருந்த இடங்களில், பாவனையில் உள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் ஓரடியும் வைக்க வேண்டாம். புதைந்து கிடந்த மிதிவெடியை மழைநீர் அரித்து இடம் மாற்றிவிடக்கூடும்.

சப்பாத்தைப் பொறுத்தவரை விலையைவிட அடிப்பகுதியே முக்கியம்: ஆழமான, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பற்கள் இருந்தால் களி அடைந்து நிற்காமல் உதிர்ந்துவிடும். நாடாவை இறுக்கி இரட்டை முடிச்சிட்டு, நுனியை உள்ளே செருகுங்கள். என் நண்பரின் ஒரு சப்பாத்தை அராலித் தரவை விழுங்கிக்கொள்ள, இருவரும் முழங்கை வரை சேற்றில் துழாவி இருபது நிமிடம் செலவிட்ட பின்பே இந்தச் சிறிய வேலையின் பெறுமதி எங்களுக்குத் தெரிந்தது. பருத்திக் காலுறை நனைந்தால் தோலை உரித்துவிடும் என்பதால் செயற்கை நூலில் நெய்த மெல்லிய காலுறையே நல்லது. விரல் இடுக்குகளில் வசிலின் தடவுங்கள்.

ஓடும்போது அடியைக் குறுக்கி, முழங்காலைச் சற்று உயர்த்தி, பாதம் முழுவதும் ஒருசேர நிலத்தில் படும்படி வையுங்கள். கைகள் உடம்பிலிருந்து விலகி நின்றால் சமநிலை கிடைக்கும். கால் புதைந்துவிட்டால் நேர்மேலே இழுக்க வேண்டாம். குதிக்காலைப் பக்கவாட்டில் அசைத்துக் காற்றுப் புக விட்டு, பிறகு மெல்ல எடுங்கள். நண்பர் கைகொடுப்பதானால் தானும் புதையாத இடத்தில் நின்றே கொடுக்க வேண்டும்.

உணவில் புதுமை எதுவும் வேண்டாம். புறப்பட இரண்டு மணித்தியாலத்துக்கு முன் இரண்டு இதரை வாழைப்பழமும் வெறும் தேத்தண்ணீரும், வழியில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் எள்ளுருண்டையும் போதுமானவை. கூதலில் தாகம் தெரியாவிட்டாலும் ஈரப்பதனான காற்றில் வியர்வை நிறையவே போகும். ஆளுக்கொரு போத்தல் நீரில் ஜீவனி என்ற உப்பும் சீனியும் கலந்த தூளைக் கரைத்து எடுத்துச் செல்லுங்கள்.

இடி கேட்டால் வெட்டவெளியையும் பனங்கூடலையும் விட்டு வீடொன்றின் உள்ளே ஒதுங்குங்கள். பனை மின்னலுக்கு முதல் இலக்கு. வயலோரத்தில் புடையன் பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் இருத்தி, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் தொலைபேசியில் 1990 அம்புலன்சை அழையுங்கள்.

வீடு சேர்ந்ததும் சவர்க்காரமிட்டு முழங்காலுக்குக் கீழே நன்றாகக் கழுவித் துடையுங்கள். கீறல் காயங்களை வடிவாகப் பாருங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் ஓட்டத்தையே தள்ளிவையுங்கள், ஏனெனில் எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் அதன் வழியாக எளிதில் உள்ளே வரும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அது உயிர்களைப் பறித்தது. கமக்காரருக்குக் கொடுக்கப்படும் தடுப்பு மாத்திரை உங்களுக்கும் தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேளுங்கள். ஓடுபவருக்கு இந்நோயில் தனியான ஒரு பொறி உண்டு: அதன் அடையாளங்களில் ஒன்று கெண்டைக்கால் வலி, அதை ஓட்டத்தின் அலுப்பென்று எண்ணிவிடுவது மிக எளிது. ஓடி ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தலையிடியும் சேர்ந்து வந்தால் அன்றே வைத்தியரிடம் சென்று, சேற்றில் ஓடியதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நண்பருக்கும் உடனே தெரிவியுங்கள், அவரும் அதே தண்ணீரில்தான் ஓடினார்.